படத்துல இருக்கற மாதிரியே இல்லையா? ரொம்ப நல்லது!

ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளுக்கு விமர்சனம் எழுதுகிற, வீடியோ போடுகிற மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம். "படத்துல இருக்கற மாதிரியே இல்லை" என்று சொல்லி மார்க் குறைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். "அப்படியே படத்துல பார்த்த மாதிரி இருக்கு" என்று மார்க்கை அள்ளி விடுவதையும் சேர்த்து நிறுத்துங்கள். 2007-ல் மைக்கேல் பேயின் முதல் படம் வந்ததிலிருந்து இந்தப் பொம்மைகளை அளக்க முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது இந்த ஒரே அளவுகோல்தான். அது தப்பான அளவுகோல் என்பது என் கட்சி. அதை வைத்து அளந்து அளந்தே நல்ல பொம்மைகளைக் கெடுத்துவிட்டோம், விலையையும் ஏற்றிவிட்டோம்.

பி.காம் படிக்கிற ஆளுக்கு ரோபோ பொம்மையில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பழைய கதை. இந்த விஷயத்தில் பொம்மைதான் முதலில் வந்தது, கதை பிறகு. ஜப்பானில் டகாரா கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டயாக்ளோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் உருமாறும் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை எடுத்து 1984-ல் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டியது. யார் நல்லவன், யார் கெட்டவன், எதற்காகச் சண்டை என்பதையெல்லாம் மார்வெல் காமிக்ஸ்காரர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆப்டிமஸ் ப்ரைம் டயாக்ளோனில் இருந்த லாரி. பம்பிள்பீ ஒரு குட்டி ஃபோக்ஸ்வேகன் பீட்டில். மெகாட்ரான் ஒரு வால்தர் பி38 கைத்துப்பாக்கி. கார்ட்டூனுக்குப் படம் வரைந்தவர்கள் இந்தப் பொம்மைகளை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். அந்தக் கார்ட்டூனே ஒரு நீளமான விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த விளம்பரத்தில் ஒரு யோக்கியம் இருந்தது. காட்டுகிற பொருள் உண்மையிலேயே மடங்கி விரிகிற பொருள்.

2007-ல் இது தலைகீழாகிவிட்டது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கம்பெனி கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஆப்டிமஸுக்கு 10,108 பாகங்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. தியேட்டரில் அந்த லாரி எழுந்து நிற்கும்போது விசில் அடிக்காதவன் யார்? மொத்த எடையில் ஏமாற்றக் கூடாது என்று படக்குழு யோசித்ததையும் சொல்ல வேண்டும். கைத்துப்பாக்கி மெகாட்ரான் படத்தில் கிடையாது. ஆப்டிமஸுக்கு மூக்கு நீண்ட பீட்டர்பில்ட் லாரி கொடுத்ததும், அவ்வளவு உயர ரோபோவுக்கு அவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் மொத்தத்தில் கணக்கு சரியாக இருந்தால் போதுமா? தனித்தனி பாகத்துக்குக் கணக்கு எங்கே? திரையில் ஒரு கதவு சுழன்று, உடைந்து, பத்துத் துண்டாகி, தோளுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். எங்கே போனது என்று யாரும் கேட்க முடியாது. கேட்பதற்குள் ஒரு கட்டடம் இடிந்துவிடும்.

இங்கேதான் என் பி.காம் வருகிறது. முதல் வருஷம் முதல் மாதத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். உருமாறும் பொம்மையும் அப்படியொரு கணக்குப் புத்தகம்தான். காரில் இருக்கும் பானெட் ரோபோவில் எங்கோ இருந்தாக வேண்டும். நாலு சக்கரத்துக்கும் நாலு இடம் காட்ட வேண்டும். ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் அது உருமாற்றம் இல்லை, ஊழல். படத்தின் கணக்கு டேலி ஆக வேண்டிய அவசியமே இல்லை. பொம்மையின் கணக்கு ஒவ்வொரு முறையும் டேலி ஆக வேண்டும், அதுவும் ஒரு பத்து வயதுப் பையன் கையில்.

கணக்கு டேலி ஆகாதபோது நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? வித்தியாசத் தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம். பட வரிசைப் பொம்மை பலவற்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கூரை, பின் கண்ணாடி, பாதிக் கதவு எல்லாம் ஸ்கூல் பை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! முன்பக்கம் மட்டும் படத்தில் இருப்பதுபோல ஒல்லியாக, அழகாக இருக்கும். விமர்சகர் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து "பத்துக்கு ஒன்பது" என்று போட்டுவிட்டுப் போவார்.

இன்னும் மோசமான வேலை ஒன்று உண்டு. காரின் நிஜ முகப்பு முதுகுக்குப் போய் ஒளிந்துகொள்ளும். நெஞ்சில் இருப்பது அதே மாதிரி செய்த இன்னொரு பொய் முகப்பு. இரண்டு ஹெட்லைட் ஜோடி! எங்கள் பாஷையில் இதற்குப் பேர் போலி வவுச்சர். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? படத்தில் நெஞ்சு எந்த அகலத்தில் இருந்ததோ அதே அகலம் வேண்டும் என்று நாம் கேட்டோம், அதனால்தான். 1984 ஆப்டிமஸ் பெட்டி மாதிரி இருப்பான். ஆனால் அவன் நெஞ்சில் தெரிவது லாரியின் அதே நிஜக் கண்ணாடி.

சரி, படப் பொம்மை எல்லாமே குப்பையா என்றால், கிடையாது. 2007 வரிசையில் டீலக்ஸ் அளவில் வந்த பாரிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சலீன் மஸ்டாங் போலீஸ் கார். படத்து பாரிகேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் முன்பக்கத்திலிருந்து ஃப்ரென்ஸி என்று ஒரு விரல்கடை ரோபோ துள்ளி வெளியே விழுவான். படத்தில் ஃப்ரென்ஸி ரேடியோவாக, செல்போனாகவெல்லாம் மாறுவான். இங்கே சும்மா குட்டி உருவம்தான். இருக்கட்டுமே! கையில் வைத்திருக்கிறவனுக்கு அந்தத் துள்ளல்தான் பொம்மை. வாயேஜர் அளவில் வந்த ப்ளாக்அவுட்டும் இப்படித்தான். பெரிய ஹெலிகாப்டர், சுற்றுகிற இறக்கை, கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற ஸ்கார்பனாக் தேள். ரோபோவைப் பார்த்தால் கொஞ்சம் குண்டு. குண்டாக இருந்தால் என்ன, நிற்கிறான் இல்லையா?

அதே வருஷத்து ஸ்டார்ஸ்க்ரீமை நான் காப்பாற்ற மாட்டேன். எஃப்-22 விமானத்துக்கு அடியில் ஒரு ரோபோவை மூட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எல்லோரும் திட்டியது படத்தில் இருப்பதுபோல் இல்லை என்று. நான் திட்டுவது விமானம் விமானமாக இல்லை என்று. இரண்டும் ஒரே திட்டு மாதிரி தெரியும், இல்லை.

2009-ல் இரண்டாவது படத்துக்கு வந்த லீடர் அளவு ஆப்டிமஸைச் சொல்லாவிட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். படத்தோடு ஒத்துப்போவதில் அன்றைக்கு அதுதான் ராஜா. புதுப்புதுப் பெயரில் பலமுறை திரும்பத் திரும்ப வந்த அச்சு. அதன் மூளையை நான் மதிக்கிறேன். லாரியின் பக்கவாட்டுத் தகடுகள் காலுக்கும் கைக்கும் மடிந்து போகிற விதம், டிசைனர்கள் உட்கார்ந்து கசக்கிப் பிழிந்த வேலை. ஆனால் அதை மறுபடி லாரியாக்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு தகடு கால் மில்லிமீட்டர் விலகினால் அடுத்த தகடு உட்காராது. வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அதை மாதம் ஒருமுறையாவது மாற்றுகிறார்கள்? அலமாரியில் ரோபோவாக ஏறியவன் ரோபோவாகவே தூசி படிந்து நிற்கிறான். மாறாத உருமாறும் பொம்மைக்குப் பேர் சிலை.

அதே 2009-ல் பெரிய அளவில் ஒரு டிவாஸ்டேட்டரும் வந்தது. ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்து ஒரு ராட்சசன். கேட்கவே ஜோராக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த ஆறில் ஒன்றுகூடத் தனியாக ரோபோவாக மாறாது! வண்டி, இல்லாவிட்டால் ராட்சசனின் கை கால், அவ்வளவுதான். இட்லி இல்லாத இட்லி பொடி. இதைச் சரிசெய்ய பத்து வருஷம் ஆனது. 2018-ல் தொடங்கிய ஸ்டுடியோ சீரிஸில் 2019-லிருந்து எட்டு ரோபோக்களைத் தனித்தனியாக விட்டார்கள். ஒவ்வொன்றும் தானே மாறும், எட்டும் சேர்ந்தால் டிவாஸ்டேட்டர். பிற்பாடு எட்டும் ஒரே பெட்டியாகவும் வந்தது. நியாயமாகப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் தனித்தனியாக வாங்கியவன் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஏழு வாங்கி எட்டாவது கிடைக்காவிட்டால் ஒரு கால் இல்லாத ராட்சசன். எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு நல்ல பெயரெல்லாம் இருக்கிறது. நான் சீட்டுப் பிடிப்பது என்பேன்.

இப்போது விலை. 2007-ல் அமெரிக்கக் கடையில் ஒரு டீலக்ஸ் சுமார் 10 டாலர். 2018-ல் ஸ்டுடியோ சீரிஸ் டீலக்ஸ் சுமார் 20 டாலர். 2020களில் 25 டாலரைத் தொட்டது. விலைவாசி ஏறாதா என்பீர்கள். ஏறியது. ஆனால் 2007-க்கும் 2024-க்கும் நடுவில் அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆனது. பத்து டாலர் பொம்மை பதினைந்து ஆகியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். மீதிப் பத்து டாலர் யார் தலையில்? இதில் சைஸும் ஏறவில்லை. இன்றைய டீலக்ஸ் நாலரை அங்குலம். ஸ்டுடியோ சீரிஸில் எல்லா ரோபோவும் ஒன்றுக்கொன்று படத்தில் உள்ள உயர விகிதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை. அதனால் 2019-ல் வந்த லீடர் ஆப்டிமஸ் கிட்டத்தட்ட வாயேஜர் உயரம்தான், மீதிக் காசுக்கு ஒரு ட்ரெய்லரைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். உயர விகிதம் என்பதும் அந்த "படத்துல இருக்கற மாதிரி" வியாதியின் இன்னொரு முகம்.

பெரியவர்கள் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், கம்பெனி விற்கிறது, உனக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு என்னவென்றால், நடுவில் இருந்த பொம்மை காணாமல் போகிறது. 2014-ல் நாலாவது படத்தோடு ஒன்-ஸ்டெப் சேஞ்சர் என்று விட்டார்கள். ஒரு இழுப்பு, பட்டென்று ரோபோ. அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை என்ன கண்டுபிடிக்கும்? 2023-ல் ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ் படத்துக்கும் அதே கதை. பிள்ளைகளுக்கு மொண்ணையான ஒரு வரிசை, வளர்ந்தவர்களுக்குப் படத்தின் நகலாக ஒரு வரிசை. பத்து வயதில் தானே மல்லுக்கட்டி, தாளைப் பார்த்து, பாதியில் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு மாற்றக் கற்றுக்கொள்கிற அந்த பாரிகேட் மாதிரி பொம்மைக்கு இரண்டு வரிசையிலும் இடம் குறைந்துகொண்டே போகிறது.

நம் ஊரில் நிலைமை இன்னும் கஷ்டம். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இங்கே விற்கக் கூடாது. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற, குழந்தைகளின் பாதுகாப்புக்கு என்று காரணம் சொன்னார்கள். பாதுகாப்புக் காரணத்தில் எனக்குச் சண்டை இல்லை. 25 டாலர் என்பது நம் காசுக்கு 2,000 ரூபாயைத் தாண்டும். வரி அந்தச் சில்லறை விலைமேல் இல்லை, இறக்குமதி மதிப்புமேல்தான் என்பது தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கடைசியில் கடைக்காரர் சொல்கிற விலை என் ஒரு மாத மெஸ் பில் பக்கம் வந்து நிற்கிறது. அப்படி வாங்கப் போகிறவன் முழுக்க முழுக்க உங்கள் விமர்சனத்தை நம்பித்தான் காசை எடுக்கிறான், அய்யா.

அவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். எத்தனை முறை மாற்றிப் பார்த்தீர்கள்? மூன்றாவது முறை தாள் இல்லாமல் முடிந்ததா? காராக இருக்கும்போது தூக்கினால் கதவு பிளந்துகொள்கிறதா? இடுப்பு மூட்டு தளர்ந்ததா? முதுகு மூட்டையால் பின்னால் சாய்கிறானா? ஒரு நெஞ்சா, இரண்டு நெஞ்சா? பக்கத்தில் படத்தின் ஸ்டில்லை வைத்து ஒப்பிடுகிற நேரத்தில் பொம்மையைத் திருப்பி முதுகை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

நானும் வாங்கத்தான் போகிறேன். புது ஸ்டுடியோ சீரிஸ் இல்லை. 2007 பாரிகேட், பழசு, யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டி வேண்டாம், தாள் வேண்டாம், ஸ்டிக்கர் உரிந்திருந்தாலும் பரவாயில்லை. ஃப்ரென்ஸி மட்டும் தொலையாமல் இருக்க வேண்டும் :-)