சிங்கப்பூர் பீரங்கி மலையும், பரண்மேல் தகரப்பெட்டியும்

சிங்கப்பூருக்கு டிக்கெட் போடும் மதுரைக்காரர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். முஸ்தபா கடை, லிட்டில் இந்தியா, செந்தோசா தீவில் ஒரு போட்டோ. அவ்வளவுதான்! தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

அதே செந்தோசாவின் மேற்குக் கோடியில் சிலோசோ என்று ஒரு குன்று. உச்சியில் பழைய வெள்ளைக்காரன் பீரங்கிக் கோட்டை. இப்போது ராணுவ மியூசியம். அதைப் பார்க்காமல் வருவது, மதுரைக்கு வந்து மீனாட்சியைப் பார்க்காமல் மாசி வீதியில் ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்புவது மாதிரி!

மூட்டுவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். லிப்ட் உண்டு. 2015-ல் 11 மாடி உயரத்தில் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். மரங்களுக்கு மேலேயே நடந்து போய்விடலாம்.

கொல்லைப்புறமாக வந்தான்

துறைமுக வாசலைக் காக்க 1870-களில் எழுந்த கோட்டை இது. பகைவன் கப்பலில்தான் வருவான் என்று கணக்குப் போட்டார்கள். 1942-ல் ஜப்பான்காரன் மலாயா வழியாக, சைக்கிளில் கூட வந்தான்! பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். சிங்கப்பூர்க் கரையோரப் பீரங்கிகளுக்கு இருந்ததோ பெரும்பாலும் கப்பலைத் துளைக்கும் குண்டுகள். தரைப்படையிடம் அது எடுபடவில்லை. பிப்ரவரி 15-ல் பெர்சிவல் சரண் அடைந்தார்.

அந்தக் காட்சியை மெழுகுப் பொம்மைகளாக மலைமேல் வைத்திருக்கிறார்கள். 1945-ல் ஜப்பான் சரண் அடைந்த காட்சியும் உண்டு.

கையெழுத்துப் போட்டது தளபதிகள். பலனை அனுபவித்தது யார்? நம்ம ஆட்களும்தான்! இரண்டே நாளில், ஃபேரர் பார்க் மைதானத்தில், சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் சேர்ந்து உருவானதுதான் ஐ.என்.ஏ. 1943-ல் நேதாஜி வந்ததும், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சென்னை டாக்டர் லட்சுமி தலைமையில் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

அந்நிய நாடு செய்கிறது, நாம்?

ஐ.என்.ஏ. வீரர்களுக்கு நேதாஜி 1945 ஜூலையில் சிங்கப்பூரில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த வெள்ளைக்காரன் அதை வெடி வைத்துத் தகர்த்தான். அந்த இடத்தை 1995-ல் சிங்கப்பூர் அரசு அடையாளம் காட்டிக் கல்வெட்டு வைத்தது. 2022 பிப்ரவரி 15-ல், கோட்டை வீழ்ந்த அதே தேதியில், சிலோசோவைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. தோற்ற கதையைக் கூட மறைக்கவில்லை, பாருங்கள்!

நம்ம ஊரில் என்ன நடக்கிறது? போர் முடிந்து மதுரை, ராமநாதபுரம் பக்கம் திரும்பியவர்கள் கொஞ்சமல்ல. 1972-ல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தபோது, ஆதாரம் காட்ட ஒவ்வொரு காகிதத்தையும் பொத்திப் பொத்தி வைத்தார்கள். அந்தத் தகரப்பெட்டி இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கும்.

விளாங்குடியில் இன்று ஓட்டு வீடு இடித்து மாடி வீடு எழும்பாத தெரு உண்டா? இடிக்கும்போது முதலில் போவது பரண் சாமான்தான். பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போய்விடுகிறது. தாத்தாவின் சரித்திரம், தராசுத் தட்டில்!

இதற்கு அரசாங்கம் வரவேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பெட்டியை இறக்குங்க. வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, போட்டோவில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு எழுதி வையுங்க. செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்க. லேமினேஷன் மட்டும் வேண்டாம். பழைய காகிதம் பாழாகிவிடும்.

பிறகு சிங்கப்பூர் போனால் சிலோசோ மலைக்கும் ஏறுங்க. கூட வரும் பேரப்பிள்ளை சும்மா இருக்குமா? "அப்போ நம்ம தாத்தா எங்கே இருந்தார்?" என்று கேட்கும். பதில் நம்ம கையில் இருக்கணும்.