இடம் கிடைக்காத பிள்ளை முட்டாளா?

என்ஜினீயரிங் தரவரிசைப் பட்டியல் வெளிவரும் நாட்களில், தேனிப் பஞ்சாலை வாசலிலும் கம்பத்தில் ஏலத்தோட்ட ஜீப்புக்குக் காத்து நிற்கும் இடத்திலும் ஒரே பேச்சுத்தான். "நம்ம பிள்ளைக்கு மூளை அவ்வளவுதான், கொடுத்து வைக்கவில்லை!" பெற்றவர்களே இப்படிச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நம் வாயில் போட்டது யார்?

தோழர்களே, கணக்கைப் பார்ப்போம். 2024-ல் நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. அதற்கான கடைசிப் பரீட்சையில் உட்கார்ந்தவர்கள் 1,80,200 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதல் பரீட்சையிலேயே கழிக்கப்பட்டுவிட்டனர். உட்கார்ந்த அத்தனை பேரும் மகா மேதாவிகளாகவே இருந்தாலும் பத்தில் ஒன்பது பேர் வெளியே நிற்கத்தான் வேண்டும். அதையும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே தடவைதான் எழுதலாம். வருஷக்கணக்கில் பணம் கட்டிக் கோச்சிங் படித்தவனும், பள்ளி விட்டு வந்து தம்பியையும் ஆட்டையும் பார்த்துக்கொண்ட பெண்ணும் ஒரே கோட்டில் நிற்கிறார்களாம்! இதற்குப் பெயர் தகுதியாம்!

என்ஜினீயர் என்றால் என்னவென்று இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்குக்கு ஜனவரி 15-ந் தேதி பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அணைக்குக் கல் சுமந்து, காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் மடிந்த கூலிகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கல் சுமந்தவன் வம்சம் கல்லே சுமக்கட்டும், கணக்குப் போட வேறு வம்சம் இருக்கிறது. "மூளை இல்லை" என்ற பேச்சின் உள்ளர்த்தம் இதுதான்.

இடம் மறுக்கப்பட்டால் எல்லோரும் விதியே என்று இருந்துவிடுவதில்லை. 1950-ல் சென்னையில் என்ஜினீயரிங் இடம் கேட்டுக் கிடைக்காத சீனிவாசன் என்ற மாணவர் நேரே ஹைகோர்ட்டுக்குப் போனார். மருத்துவக் கல்லூரி விஷயமாகச் செண்பகம் துரைராஜனும் போனார். இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடும் உத்தரவு செல்லாது என்று 1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. மூன்று மாதத்துக்குள் அரசியல் சட்டத்தையே திருத்த நேர்ந்தது! அதுதான் முதல் திருத்தம்.

1984-ல் புகுத்தப்பட்ட நுழைவுத் தேர்வையும் பாருங்கள். அதை எடுத்தால் தரம் பாழாகும் என்று ஓலமிட்டார்கள். 2006-ல் சட்டம் வந்தது. 2007 முதல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கே அளவு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இடம் கிடைத்தது 2021-ல்தான். அவர்கள் கட்டணத்தையும் சர்க்கார் ஏற்கிறது. அந்த வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குத் திடீரென்று மூளை முளைத்ததா? சல்லடையின் கண் மாறியது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஒரு கும்பல் வீட்டு வாசலில் வந்து நிற்கும். "மானேஜ்மெண்டு கோட்டாவில் சீட்டு வாங்கித் தருகிறேன், அட்வான்ஸ் கொடு" என்று கேட்கும். தாய்மார்களே, தாலியை அடகு வைத்துவிடாதீர்கள். வருஷந்தோறும் தனியார் கல்லூரிகளில் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. காலி இடத்துக்கு எதற்கையா கமிஷன்?

பிள்ளையை உடனே ஷிப்டுக்கோ ஜீப்பிலோ ஏற்றிவிடவும் வேண்டாம். கலந்தாய்வு முடிந்தபின் துணைக் கலந்தாய்வு உண்டு. போடியில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி நடக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள். பிளஸ் டூவில் கணக்குக்கும் பௌதிகத்துக்கும் வாத்தியார் வருஷம் முழுவதும் இருந்தாரா? இல்லை என்று பதில் வந்தால், திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். ஒற்றை ஆளாக வேண்டாம், ஜீப்பு ஜீப்பாகப் போவோம்.