"எத்தனை ஜி.பி. கார்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கச் செல்பவர்களில் பலர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜி.பி. கார்டு?" என்பதுதான். கடைக்காரரும் "2 ஜி.பி. இருக்கு, 4 ஜி.பி. இருக்கு" என்று அதையே பதிலாகச் சொல்லி விற்று விடுகிறார். கடலூர், சிதம்பரத்தில் மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவிலும் இதே பேச்சுதான். ஆனால் அந்த ஜி.பி. எண் கார்டின் வேகத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. இன்னும் மோசம், பல சமயங்களில் கார்டின் பெயரும் அதைச் சொல்வதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. என்விடியா நிறுவனம் 2017ல் ஜி.டி. 1030 என்ற குறைந்த விலைக் கார்டை வெளியிட்டது. 2 ஜி.பி. மெமரி, ஜி.டி.டி.ஆர். 5 வகை. அடுத்த ஆண்டே அதே பெயரில், அதே 2 ஜி.பி. அளவில் இன்னொரு கார்டு வந்தது. இதில் இருந்தது சாதாரண டி.டி.ஆர். 4 மெமரி. இரண்டிலும் 384 கோர்கள். ஆனால் முதல் கார்டில் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே வினாடிக்கு 48 ஜி.பி. தகவல் சென்று வரும். இரண்டாவதில் 16.8 ஜி.பி. மட்டுமே. பல விளையாட்டுகளில் இது பாதி வேகம்தான் தந்தது. பெயர் ஒன்று, அளவு ஒன்று, வேலை மட்டும் வேறு.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. வீராணம் ஏரி 47.5 அடிக்கு நிரம்பி இருக்கலாம். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மதகும் வாய்க்காலும்தான் முடிவு செய்யும். மெமரி அளவு என்பது ஏரி. மெமரி பேண்ட்வித் என்பது வாய்க்கால். பஸ் அகலத்தை மெமரியின் வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் பேண்ட்வித் கிடைத்து விடும். 64 பிட் பஸ், 6 ஜிகாபிட் மெமரி என்றால் 48 ஜி.பி.

ஏதோ ஒரு முறை நடந்த தவறு என்று இதை விட்டு விட முடியாது. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 8 ஜி.பி. மாடலில் 2560 கோர்கள், 128 பிட் பஸ். 2024ல் வந்த 6 ஜி.பி. மாடலில் 2304 கோர்கள், 96 பிட் பஸ். இரண்டு ஜி.பி. மட்டும்தானே குறைகிறது என்று நினைத்து வாங்குபவருக்கு சிப்பே குறைந்திருப்பது தெரியாது. ஏ.எம்.டி.யும் சளைத்ததல்ல. 2304 கோர் கொண்ட ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே, 2018ல் சீனச் சந்தைக்காக 2048 கோர் மாடல் ஒன்றை விட்டது.

6 ஜி.பி. 3050 கெட்ட கார்டு என்று நான் சொல்லவில்லை. 70 வாட் மின்சாரத்தில், தனி பவர் கனெக்டர் இல்லாமல் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடக் கூடியது. நம் வீடுகளுக்கு ஏற்றதுதான். அதற்கு வேறு பெயர் வைத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். பெயரை மாற்ற முடியாது என்றும் அவர்கள் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 4080 என்று அறிவித்த 12 ஜி.பி. கார்டை, எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். அதுவே அடுத்த ஜனவரியில் 4070 டி.ஐ. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் விற்கும் பொட்டலப் பொருள்களில் அதிகபட்ச விலை, இறக்குமதியாளர் முகவரி, மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட வேண்டும் என்று 2011ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கார்டு பெட்டியில் மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித், கோர் எண்ணிக்கை நான்கையும் அதே இடத்தில் அச்சிடச் சொன்னால் என்ன குறைந்து விடும்? கடன் வாங்கி மகனுக்குக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும் பெற்றோர் இணையத்தில் விமர்சனம் தேடிப் படித்து விட்டா கடைக்கு வருகிறார்கள்?

சரி, விமர்சனங்களைப் படித்தே வாங்குகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் விலை உயர்ந்த பிராசசரிலும் குளிரூட்டிய அறையிலும் நடத்தப்படுபவை. கடலூரில் கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், கேபினட்டுக்குள் போகும் காற்றே சூடாகத்தான் போகிறது. சிப் சூடானால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். கடற்கரைக் காற்றின் உப்பும் ஈரமும் வேறு. எனவே ஒற்றை விசிறிக் கார்டை விட இரண்டு விசிறி உள்ளதற்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது நம் ஊரில் வீண் செலவல்ல.

யு.பி.எஸ். கணக்கையும் பாருங்கள். பக்கத்தில் நெய்வேலியில்தான் மின்சாரம் தயாராகிறது என்றாலும், நம் வீட்டில் கரண்ட் போகாமல் இருப்பதில்லை. 600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. போன்ற 160 வாட் கார்டு, பிராசசர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையை நெருங்கி விடும்.

இன்னொன்று, எல்லோருக்கும் தனிக் கார்டு தேவையில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் படிக்கும் மாணவர் ஆட்டோகேடில் இரு பரிமாணப் படம் வரைய பிராசசரிலேயே உள்ள கிராபிக்ஸ் போதும். ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் உள்ள கிராபிக்ஸ் ஏறத்தாழ ஜி.டி.டி.ஆர். 5 வகை 1030க்கு இணையானது. ஆனால் ஒரே 16 ஜி.பி. ராமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜி.பி. ராம் போடச் சொல்லுங்கள். இங்கும் அதே வாய்க்கால் கதைதான்.

கார்டுதான் வேண்டும் என்றால், பழையதோ புதியதோ, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மாட்டி ஜி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்வித், கோர்கள் அனைத்தும் ஒரே திரையில் தெரியும். பழைய சிப்பில் பயாஸை மாற்றிப் புதிய பெயரில் விற்கும் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதியும் 2018லிருந்து இதில் உள்ளது. பிறகு பில். "கிராபிக்ஸ் கார்டு 4 ஜி.பி. - 1" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். முழு மாடல் எண், மெமரி வகை, சீரியல் எண் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும்.