எந்த வெர்ஷனுக்கு எழுதிய கையேடு?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. பைத்தானில் 7/2 என்று கொடுத்தால் விடை என்ன? சிலர் 3 என்பீர்கள், சிலர் 3.5 என்பீர்கள். இரண்டும் சரி! பைத்தான் 2-ல் 3 வரும், பைத்தான் 3-ல் 3.5 வரும். எர்ரர் காட்டினாலாவது உஷாராகலாம். இது சத்தமே இல்லாமல் வேறு விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பழைய 2.7-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-ல். அதுவரை பதினோரு வருஷம் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் குடித்தனம்! அத்தனை வருஷமும் இரண்டுக்கும் தனித்தனிக் கையேடு. 2.7-இன் கையேட்டை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

"பழசை எதுக்குப்பா கட்டிக்கிட்டு அழறீங்க? புதுசைப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சொந்த லேப்டாப் உள்ளவர்கள் கேட்கலாம். லேப் மெஷினில் புதுசு போட நம்மிடம் பாஸ்வேர்ட் ஏது? நான் பார்த்த ஒரு லேபில் உபுண்டு 14.04, அதில் பைத்தான் 3.4. மாணவர் கையிலிருந்த ஜெராக்ஸ் நோட்ஸில் எல்லாமே எஃப்-ஸ்டிரிங். அந்த வசதி 2016 டிசம்பரில், 3.6-ல்தான் வந்தது. 3.4-ல் அடித்தால் 'இன்வேலிட் சின்டாக்ஸ்' என்றுதான் திட்டும். எந்த வெர்ஷனுக்கான நோட்ஸ் என்று ஒரு எழுத்துகூட அதில் இல்லை. கமாவையும் அடைப்புக்குறியையும் தேடித் தேடியே ஒரு பீரியட் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கேட்டால் சொல்ல ஆளில்லை. கையேடுதான் எனக்கு அண்ணன். அந்த அண்ணன் வேறு மெஷினைப் பார்த்துக்கொண்டு வழி சொன்னால், மெஷினையா சந்தேகப்படுவோம்? 'நமக்குப் படிப்பு ஏறலை' என்றுதான் நினைப்போம். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இது தெரியும்.

வெர்ஷனுக்கு ஒரு கையேடு வைப்பது லேசான வேலை இல்லை. ஒரு பக்கத்தில் பிழை திருத்தினால், ஆதரவில் உள்ள மற்ற வெர்ஷன்களின் கையேட்டிலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓப்பன் சோர்ஸில் பலர் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஆள் பலமில்லாத இடத்தில் ஒரே கையேட்டில் 'இது இன்ன வெர்ஷனிலிருந்து' என்று குறித்தாலும் போதும் என்பேன். ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் செய்வதுதான் எனக்குப் பிடித்தது. வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் முழுக் கையேடு. பக்கத்தின் உச்சியிலேயே வெர்ஷன் எண்கள் வரிசையாக நிற்கும். நம் எண்ணைத் தொட்டால் அதே பாடம் நம் வெர்ஷனில் திறக்கும். ஐந்து வருஷ ஆதரவு முடிந்த பிறகும் அந்தக் கையேட்டைக் குப்பையில் போடுவதில்லை.

லினக்ஸில் 'மேன்' என்று அடித்து, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். புரோகிராமோடு சேர்ந்து வந்த கையேடு என்பதால் நம் மெஷினில் உள்ளதற்கே அது பேசும். நெட் வேண்டாம், காசு வேண்டாம். இதை முதல் வாரமே ஏன் சொல்லித் தருவதில்லையோ!

நம் யூனியன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லேப் மேனுவலின் முதல் பக்கத்தில், எந்த மென்பொருள், எந்த வெர்ஷன் என்று ஒரு வரி அச்சடிக்க வேண்டும். மெஷின்களை மாற்றினால் பழைய மேனுவலை எடைக்குப் போடாமல் லைப்ரரியில் வைக்க வேண்டும். சீனியர் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் நோட்ஸை ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் முன் தலைப்புக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.