சித்தப்பாவும் ஒரு காமிராவும்

உலகத்தில் முதன்முதலாக நெட்வொர்க்கில் மாட்டிய காமிரா எதைக் கண்காணித்தது தெரியுமோ? பாங்க் லாக்கரை இல்லை ஸார், காபிப் பாத்திரத்தை! 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் பல பேருக்குப் பொதுவாக ஒரே காபி மெஷின். மாடிப்படி ஏறி இறங்கிப் போய்ப் பார்த்தால் பாத்திரம் காலி. நொந்துபோன ஆராய்ச்சியாளர்கள் எதிரே ஒரு காமிராவை நிறுத்தி, 128-க்கு 128 புள்ளியில் கறுப்பு வெள்ளைப் படத்தை அவரவர் மேஜைக்கு வரவழைத்துவிட்டார்கள். 1993-ல் அந்தப் படம் இன்டர்நெட்டிலும் ஏறியது. 2001-ல் காமிராவை நிறுத்தியபோது அந்த மெஷினை ஏலத்தில் ஒரு ஜெர்மன் பத்திரிகை 3,350 பவுண்ட் கொடுத்து எடுத்தது. காபிக்காக இவ்வளவு தூரம் போனவர்கள் கும்பகோணத்துக்காரர்கள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். மாயவரத்தில் சித்தப்பா தனியாக இருக்கிறார். வயது 78. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, அரைமணி கழித்துப் பால்காரர் வந்து தூக்கியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் தம்பி பதறிப்போய், மைக் வைத்த நெட்வொர்க் காமிரா ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணினான். "அண்ணா, நீ ஒரு நடை போய் மாட்டிக் குடுத்துடேன்." சொந்தத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவனாக இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

காமிரா என்கிறோமே தவிர, அது லென்ஸ் வைத்த குட்டிக் கம்ப்யூட்டர். ரூட்டரிடம் போய் ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். அந்த முகவரியை நிரந்தரமாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் வேறு முகவரியில் குடியேறிவிடும். ஸாஃப்ட்வேர் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்ட். கம்பெனியில் போட்டு அனுப்பிய 'அட்மின், அட்மின்' சமாசாரத்தை அப்படியே விடுகிறவர்கள் கவனிக்கவும். 2016-ல் மிராய் என்றொரு விஷமப் புரோகிராம் இந்த மாதிரி அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் உள்ள காமிராக்களையெல்லாம் பிடித்தது. அந்தப் படையை ஏவித்தான் அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் தடுமாறின.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இலவச ஸாஃப்ட்வேரை ஏற்றினேன். படம் வந்தது, பதிவில் சத்தம் வரவில்லை. காமிரா, டெலிபோன் காலத்து ஜி.711 முறையில் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. எம்பி4 கோப்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஏஏசி என்று மாற்றியதும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடத் தெளிவாகக் கேட்டது.

நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுக்கப் பதிந்தால் 21.6 ஜிகாபைட் ஆகிறது. அதனால் ஏதாவது அசைந்தால் மட்டும் பதியச் சொன்னேன். ராத்திரிக்குள் 47 பதிவு! நாற்பதில் கதாநாயகன், ஃபேன் காற்றில் படபடத்த தினசரி காலண்டர். அந்த மூலையைக் கட்டம் கட்டி ஒதுக்கினேன்.

எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா கேட்டார். "ஏண்டா, இது பேச்சையும் கேட்குமா?"

"கேட்கும் சித்தப்பா."

"அப்ப கழட்டு."

காரணம் எனக்குத் தெரியும். சாயங்காலம் விளக்கேற்றியதும் அவர் சித்தி படத்துக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். சில நாள் சண்டைகூட உண்டு.

தம்பி விடவில்லை. "விழுந்தது பாத்ரூம்ல. அங்க காமிரா வைக்க முடியாது. சத்தம் போட்டா மைக்லதானே கேக்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் மைக்குக்கு எது அலறல், எது அந்தரங்கம் என்று பிரிக்கத் தெரியாதே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னது அரசாங்கத்துக்குத்தான். பிள்ளைகளுக்கு அல்ல என்று தம்பி வாதாடினான். நான் சித்தப்பா கட்சி. வீடு அவருடையது, பேச்சும் அவருடையது.

மைக்கை அணைத்தேன். கடைத்தெருவில் ஒயர் இல்லாத காலிங்பெல் வாங்கி, ஸ்விட்சைப் பாத்ரூமில் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் ஒட்டி, மணியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்தேன். சித்தப்பா முதல் நாளே மூன்று தடவை அமுக்கிப் பார்த்ததில், மாமி மூன்று தடவையும் கரண்டியோடு ஓடி வந்தாராம்.

தம்பி போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, டெய்லி ஆறரை மணிக்கு அப்பா உதடு அசையுது. யார்கிட்ட பேசறார்?"

"அவரையே கேளேன்" என்றேன்.