கோலமாவில் ஒரு சோபா

சென்ற மாதம் ஆம்பூருக்குப் போயிருந்தேன். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்க்கும் என் சிநேகிதி, மூன்றாவது மாடியில் புதுக் குடித்தனம் வைத்திருக்கிறாள். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. கூடம் 10 அடிக்கு 12 அடி. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"அக்கா, ஒரு தோல் சோபா பார்த்து வெச்சிருக்கேன். ரொக்கமா 30,000 ரூபாய். தவணையிலேன்னா மாசம் 1,500, இரண்டு வருஷம் கட்டணும். ஊரெல்லாம் தோல், நம்ம வீட்டிலே ஒண்ணு இல்லேன்னா நல்லாவா இருக்கு?" என்றாள்.

நியாயமான ஆசைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 24 தவணைக்கு 36,000 ரூபாய். ஆறாயிரம் அதிகம்!

"தினமும் தோலைத் தொடுகிறவளாச்சே, உறையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாயா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்தேன் அக்கா. துணி நெசவு தெரிஞ்சுது. ரெக்ஸின்தான்!"

தோலாக இருந்தால் உள்பக்கம் மெல்லிய நாராகத் தெரியும். நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின். சில வருஷத்தில் வெடித்து உரியும். வாங்குமுன் நீங்களும் இதைக் கவனியுங்கள்.

பிறகு கோலமாவு டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். சோபாவின் அளவுக்கு, 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், தரையில் கோடு போட்டோம். பதினைந்து சதுர அடி போயிற்று! கட்டிலும் பீரோவும் ஏற்கெனவே முப்பது அடியை அடைத்திருந்தன. கதவு திறக்க, நடக்க வழி விட்டால் மிச்சம் என்ன?

"பிரசவம் முடிந்து குழந்தையோடு வரும்போது அம்மாவும் துணைக்கு வருவாங்களே, எங்கே படுப்பாங்க? தூளி எங்கே ஆடும்?"

அவள் பதில் சொல்லவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, சின்ன வீட்டில் விலை உயர்ந்த சாமான் வெறும் தரைதான். எதை வாங்குமுன்னும் கோலமாவில் வரைந்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். காசு செலவில்லை!

அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தவாசிக் கோரைப்பாய் பகலில் சுருண்டு மூலையில் நிற்கும், இரவில் படுக்கையாகும். குடியாத்தத்துக் கைலித் துணியை ஓரம் அடித்தால் திரையாயிற்று. தலையணைக்கும் அதே துணியில் உறை தைக்கலாம். மூடி போட்ட மரப் பெட்டி ஒன்று இருந்தால் உள்ளே போர்வைகள், மேலே விருந்தாளி! ஜன்னலில் வேலூர்ப் பக்கத்துக் கரிகிரி மண்சாடி ஒன்று வைத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி.

முதல் செலவு மட்டும் மேற்கு ஜன்னலுக்குச் செய்யுங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் இவை. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே தடுத்துவிடும்.

நேற்று டெலிபோனில் அவளே கூப்பிட்டாள். தட்டி கட்டியாயிற்றாம். மாதம் 1,500 ரூபாயைப் பிரசவச் செலவுக்குத் தபாலாபீஸில் போடுகிறாளாம்.

"சோபா?" என்றேன்.

"அந்த இடத்திலேதான் அக்கா, தூளிக்குக் கொக்கி மாட்டியிருக்கேன்!"