ஒரு படி கீழே

நம் பெருநகரங்களில் பியானோ படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஐந்தாம் கிரேடு தேறிய சான்றிதழ் சுவரில் தொங்கும். வீட்டுக்கு வந்தவர் ஏதாவது வாசிக்கச் சொன்னால் பிள்ளை நெளியும். திறமைக் குறைவு அல்ல காரணம். லண்டன் டிரினிட்டி கல்லூரியோ அசோசியேட்டட் போர்டோ நடத்தும் தேர்வுதான் இங்கே பலருக்குப் பாடத்திட்டம். பெரும்பாலும் மூன்று உருப்படிகளில் ஓர் ஆண்டு ஓடிவிடுகிறது. அவற்றையும் கதவு சாத்திய அறையில், ஒரே ஒரு தேர்வாளர் முன்னால் வாசித்தால் போதும். 2020இல் வீடியோ பதிவை அனுப்பும் தேர்வுமுறையும் வந்த பிறகு, அந்த ஒரு மனிதர்கூட எதிரே இருக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையைப் போக்கத்தான் சில ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களைச் சேர்த்து நட்புப் போட்டி நடத்துகிறார்கள். யோசனை பழையது. 1885இல் இங்கிலாந்தின் வடமேற்கில், கெண்டல் பகுதியில், மேரி வேக்ஃபீல்டு என்ற பாடகி உள்ளூர்ப் பாடகர் குழுக்களை அழைத்து இப்படியொரு போட்டி நடத்தினார். போட்டி ஒரு சாக்கு. ஊருக்குள் இசை வளர வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அழைப்பிதழில் 'நட்பு' என்று அச்சிட்டுவிட்டால் நட்பு வந்துவிடாது. ஓராண்டு படித்த ஏழு வயதுப் பிள்ளையும் பத்தாண்டு படித்த பதினேழு வயதுப் பெண்ணும் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். இருவருக்கும் அந்த மாலை நல்லபடியாக முடியுமா என்பது, இரண்டு மூன்று மாதம் முன்பே ஆசிரியர் எந்த உருப்படியைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் இருக்கிறது.

இங்கேதான் பெற்றோர் குறுக்கே வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிப்பதைவிடக் கடினமானதாக வேண்டும். பலர் கேட்பது, பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபர் எலிஸ்'. கைபேசி மணியாகவே கேட்டுப் பழகிய அதன் தொடக்கம் எளிது. நடுவில் வலது கை திடீரென வேகமெடுக்கும். பிறகு இடது கை ஒரே சுரத்தை விடாமல் தட்ட வேண்டும். தொடக்கத்தை மட்டும் அறிந்த பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும்.

அனுபவமுள்ள ஆசிரியர் பிள்ளையின் தரத்துக்கு ஒரு படி கீழே இறங்குவார். வீட்டில் பத்து முறையும் பிசகாமல் வரும் உருப்படியே மேடையில் ஆட்டம் காணும். இளையவர்களுக்கு, அன்னா மக்தலேனா பாஹின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஜி மேஜர் மினுவெட் போதும். பாஹ் எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் கிறிஸ்டியான் பெட்ஸோல்டின் படைப்பு. அடுத்த நிலைக்கு கிளெமென்டியின் சொனட்டினாக்கள். ஷூமன் 1848இல் தன் மகள்களை மனத்தில் கொண்டு எழுதிய தொகுப்பில் 43 உருப்படிகள். முதல் 18 சிறியவர்களுக்கு, மற்றவை வளர்ந்தவர்களுக்கு என்று அவரே பிரித்துவைத்தார். மேதைக்கே அந்த நிதானம் இருந்தது.

தேர்வு முடிந்தால் பயிற்சி. நம் கச்சேரியில் பாடகருக்கு அடி மறந்தால் பல்லவிக்குத் திரும்பலாம். வயலினும் மிருதங்கமும் தாங்கிக்கொள்ளும். பியானோ முன்னால் பிள்ளை தனியாள். எனவே தவறாமல் வாசிக்கக் கற்பிப்பது பாதி வேலைதான். தவறிய பிறகு தொடரக் கற்பிப்பது மீதி. உருப்படியில் நாலைந்து இடங்களைக் குறித்துவைத்து, அவற்றில் எங்கிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்கும்படி பழக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு நாற்காலியின் உயரம், கால் வைக்கும் பலகை, வணக்கம் சொல்வது எல்லாமே பாடம்.

இன்னொரு சிக்கல் கருவி. பல வீடுகளில் இருப்பது 61 கட்டைகள் கொண்ட எலெக்ட்ரானிக் கீபோர்டு. அரங்கில் 88 கட்டைகளுடன், விரலுக்குக் கனமான பியானோ காத்திருக்கும். போட்டி நாளில்தான் பிள்ளை அதை முதன்முதலாகத் தொடுகிறது என்றால், பழகிய உருப்படிகூட அந்நியமாகிவிடும். முந்தைய வாரமே ஒரு மணி நேரம் அரங்கைத் திறந்துவிட்டால் பாதி நடுக்கம் குறையும்.

கடைசியில் தீர்ப்பு. டிரினிட்டி தேர்வில் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. ஒருவர் தேறுவதால் இன்னொருவர் கீழே தள்ளப்படுவதில்லை. நட்புப் போட்டியும் இந்த முறையைக் கடன் வாங்கலாம். மினுவெட்டை மினுவெட்டாகவும் சோப்பினை சோப்பினாகவும் எடைபோட்டு, ஒவ்வொருவருக்கும் நடுவர் இரண்டு வரி எழுதித் தரலாம். எல்லோருக்கும் பாராட்டு என்றால் போட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பெரியவர்கள் பிரிவில் முதலிடம் இருக்கட்டும். யார் நன்றாக வாசித்தார்கள் என்பது சின்னவர்களுக்கு அறிவிப்பு இல்லாமலே தெரிந்துவிடும்.

2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் மின்னல் வேகத்தில் வாசித்து வென்றது நமக்கெல்லாம் பெருமை. அந்த வீடியோவை அளவுகோலாக்கி ஒன்பது வயதுப் பிள்ளையை நிறுத்தினால், அது ஒரு முறை சறுக்கியதும் பியானோவின் மூடி நிரந்தரமாகச் சாத்தப்படலாம். கோப்பை யாருக்குப் போனால் என்ன? போட்டிக்கு மறுநாள் யாரும் சொல்லாமலே பிள்ளை அந்த மூடியைத் திறக்கிறதா என்று பாருங்கள்.